கஞ்சாவை நிறுத்திய பிறகும் நீடிக்கும் நரம்புத் தொல்லைகள்: எது கஞ்சாவின் வேலை, எது வேறு?

ஓசூரை அடுத்த ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் கஞ்சா பிடிபட்டது, தருமபுரி வழியாகச் சென்ற ரயிலில் கேட்பாரற்றுக் கிடந்த பையில் பொட்டலங்கள் இருந்தன என்ற வகைச் செய்திகள் கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் நாளிதழ் படிப்பவர்களுக்குப் பழகிப்போனவை. கடத்தியவர், விற்றவர், பிடித்தவர் எல்லோரும் செய்தியில் வருகிறார்கள். பழக்கத்தை நிறுத்திய ஒருவருக்கு அடுத்த வாரத்திலும் அடுத்த மாதத்திலும் என்ன நேர்கிறது என்பது மட்டும் வருவதில்லை. நிறுத்திப் பதினைந்து நாளாகியும் தூக்கம் வரவில்லை, எதையும் நினைவில் வைக்க முடியவில்லை, கை நடுங்குகிறது, சுற்றியிருப்பதெல்லாம் நிஜமில்லை போலத் தோன்றுகிறது, கண்ணெதிரே புள்ளிகள் மினுங்குகின்றன என்று சொல்பவருக்கு ஊரில் இரண்டே பதில்கள்தாம் கிடைக்கின்றன. புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். இல்லையென்றால், திருட்டுத்தனமாக இன்னும் பிடிக்கிறான் என்பார்கள்.

பெரும்பாலும் இரண்டுமே தவறாகத்தான் இருக்கும். மேலே சொன்ன தொல்லைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு, தனித்தனி ஆயுளும் உண்டு. சில நாட்களில் தீர்பவை, நான்கைந்து வாரங்களில் தீர்பவை, மாதக்கணக்கில் இழுப்பவை, கஞ்சாவோடு தொடர்பே இல்லாதவை என அவற்றைப் பிரித்தறிய முதலில் வேண்டியவை இரண்டு தேதிகள்: கடைசியாகப் பிடித்தது எந்த நாள், தொல்லை தொடங்கியது எந்த நாள். ஸ்கேன் எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மூளையில் நடப்பது

கஞ்சாவில் போதை தரும் முதன்மைப் பொருளான டெட்ராஹைட்ரோகன்னாபினால், சுருக்கமாக டி.எச்.சி., 1964-ல் இஸ்ரேலைச் சேர்ந்த ரஃபேல் மெக்கூலம், யெஹியேல் கவோனி ஆகிய வேதியியலாளர்களால் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டு, அதன் வேதி அமைப்பும் விளக்கப்பட்டது. அந்தப் பொருள் மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்று தெரிய மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. சி.பி.1 எனப்படும் ஏற்பி 1988-ல் அடையாளம் காணப்பட்டது. அந்த ஏற்பிக்காக மூளை தானே சுரக்கும் அனந்தமைடு என்ற பொருள் 1992-ல் கண்டறியப்பட்டது. ஆக, கஞ்சா வந்து மூளையில் புதிதாக ஒரு கதவை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே ஒரு வேலைக்காக இருக்கும் ஏற்பாட்டில் அது குறுக்கிடுகிறது.

அந்த ஏற்பாட்டை ஏரிப் பாசனம் தெரிந்தவர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம். வாய்க்காலின் கடைசியில் உள்ள வயலில் தண்ணீர் நிறைந்ததும் அங்கிருந்து மேலே சொல்லியனுப்பி மடையைக் குறைக்கச் சொல்வதுபோல, செய்தியைப் பெறும் நரம்பணு தனக்குப் போதுமான தூண்டல் கிடைத்ததும் அனந்தமைடு போன்ற பொருளைப் பின்னோக்கி அனுப்பி, செய்தி தரும் அணுவின் வேகத்தைக் குறைக்கிறது. தேவைப்பட்ட இடத்தில், தேவைப்பட்ட நொடியில் மட்டும் நடந்து உடனே முடிந்துவிடும் வேலை இது. டி.எச்.சி.யோ எல்லா மடைகளையும் ஒரே நேரத்தில், மணிக்கணக்கில் அடைத்து வைக்கிறது. நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ், உடல் அசைவை ஒழுங்குபடுத்தும் சிறுமூளை மற்றும் அடித்தள முடிச்சுகள், திட்டமிடும் முன்மூளை ஆகிய இடங்களில் இந்த ஏற்பிகள் செறிந்திருப்பதால்தான் மறதி, தள்ளாட்டம், நேரக் குழப்பம், முடிவெடுக்கத் தடுமாறுவது ஆகியவை சேர்ந்தே வருகின்றன. மூச்சை இயக்கும் மூளைத் தண்டில் இவை மிகக் குறைவு. அபின் வகைப் போதைப் பொருட்களைப் போலக் கஞ்சா மூச்சை அடக்கிக் கொல்வது அரிது என்பதற்குக் காரணம் இதுவே.

தினமும் இப்படி அடைத்து வைக்கப்படும்போது மூளை தன் சி.பி.1 ஏற்பிகளை மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. பழைய அளவு போதாமல் போவது இதனால்தான். திடீரென நிறுத்தினால், வெளியிலிருந்து வந்த பொருளும் இல்லை, மூளையின் சொந்தப் பொருளைப் பிடித்துக்கொள்ளப் போதுமான ஏற்பிகளும் இல்லை என்ற நிலை ஏற்படுகிறது. நிறுத்திய முதல் சில வாரங்களில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த இடைவெளியில் பிறப்பதே.

டி.எச்.சி. கொழுப்பில் கரையும் தன்மை கொண்டது என்பதும் இதோடு சேர்கிறது. அது உடற்கொழுப்பில் தங்கி மெல்ல மெல்ல வெளியேறுகிறது. ஓரிரு முறை பிடித்தவரின் சிறுநீரில் சில நாட்களில் தடயம் மறைந்துவிடும். ஆண்டுக்கணக்கில் தினமும் பிடித்தவருக்கு, நிறுத்தி ஒரு மாதம் கடந்தும் சோதனையில் தெரியலாம். வேலைக்குச் சேரும்போதோ சிகிச்சை மையத்திலோ எடுக்கப்படும் அந்தச் சோதனை, உடம்பில் எஞ்சியிருக்கும் கழிவுப் பொருளைக் காட்டுகிறதே தவிர, எப்போது பிடித்தது என்பதைக் காட்டுவதில்லை. நிஜமாகவே நிறுத்திவிட்ட மகனைச் சோதனைச் சீட்டைக் காட்டிப் பொய்யன் என்று சொல்லும் வீடுகளில் சண்டை மூள்வது இந்த ஒரு விவரம் தெரியாததால்தான்.

முதல் நான்கு வாரங்கள்

நிறுத்திய ஓரிரு நாளில் எரிச்சல், பதற்றம், பசியின்மை, வியர்வை, கை நடுக்கம், தலைவலி ஆகியவை தொடங்கி, முதல் வாரத்திற்குள் உச்சத்தை எட்டி, இரண்டு மூன்று வாரங்களில் தணிகின்றன. கஞ்சாவுக்கு விலகல் நோய் என்று ஒன்று கிடையாது எனப் பல காலம் மருத்துவர்களே சொல்லிவந்தார்கள். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டில் 2013-ல்தான் அது முறையாக இடம்பெற்றது. கைதாகிச் சிறைக்குப் போனவருக்கு இந்தக் கட்டம் எந்தத் துணையும் இல்லாமல் உள்ளேயே கழிந்துவிடுகிறது. பிணையில் வந்தவர் நிதானமிழந்து நிற்பதைக் காணும் குடும்பம், அதைச் சிறையின் விளைவாக மட்டுமே பார்க்கிறது.

எல்லாவற்றையும் விட நெடுநாள் இழுப்பது தூக்கம். கனவு வரும் தூக்கக் கட்டத்தைக் கஞ்சா அடக்கி வைப்பதால், நிறுத்தியதும் அது பீறிட்டெழுந்து, மிகத் தெளிவான, அச்சுறுத்தும் கனவுகளாக வெளிப்படுகிறது. ஓசூர் சிப்காட்டில் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று ஷிப்ட் மாறி வேலை செய்பவருக்கு இது இரட்டைச் சுமை. "தூங்கத்தானே பிடித்தேன்" என்று அவர் திரும்பப் போவதற்கும் பெரும்பாலும் இதுவே வாசல்.

நம் பகுதியில் கஞ்சாவைத் தனியாகப் பிடிப்பவர்களை விட பீடி அல்லது சிகரெட் புகையிலையோடு கலந்து பிடிப்பவர்களே அதிகம் என்பதை இங்கே மறக்கக் கூடாது. கஞ்சாவோடு புகையிலையும் ஒரே நாளில் நின்றுபோனால், எரிச்சலும் கவனச் சிதறலும் நிகோடின் விலகலாலும் வரும். அதுவும் ஏறத்தாழ அதே வாரங்களில்தான் வரும். நிகோடினுக்கு மாற்று மருந்து உண்டு என்பதால், இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் மருத்துவரால் நோயாளியின் துயரத்தில் ஒரு பகுதியை அன்றே குறைக்க முடியும்.

தினமும் பிடித்தவர்களின் மூளையை ஆராய்ந்து 2012-ல் வெளியான ஆய்வில், குறைந்திருந்த சி.பி.1 ஏற்பிகள் சுமார் நான்கு வார விலகலுக்குப் பிறகு மீண்டிருந்தன. நினைவாற்றல் சோதனைகளிலும் இதே நாட்கணக்கு தென்படுகிறது: நெடுங்காலம் மிகுதியாகப் பிடித்தவர்கள் நிறுத்திய முதல் வாரத்தில் மற்றவர்களை விடக் குறைவாக மதிப்பெண் பெற்றாலும், 28-ஆம் நாளில் அந்த வேறுபாடு தெரியவில்லை என்று 2001-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. பெரியவர்களைப் பொறுத்தவரை இது நம்பிக்கை தரும் செய்தி.

பள்ளி வயதில் தொடங்கியவர்கள் பற்றி அதே உறுதியுடன் பேச முடியாது. நியூசிலாந்தின் டனெடின் நகரில் 1972-73-ல் பிறந்த 1,037 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, பதின்ம வயதில் தொடங்கி நெடுங்காலம் அடிமையாக இருந்தவர்களின் அறிவுத்திறன் எண் 38 வயதுக்குள் சராசரியாக 8 புள்ளிகள் குறைந்திருந்ததாக 2012-ல் சொன்னது. நடுவயதில் நிறுத்தியபோதும் அது முழுமையாகத் திரும்பவில்லை. ஆனால், அமெரிக்க இரட்டையர்களை ஒப்பிட்டு 2016-ல் வெளியான ஆய்வில், பிடித்த சகோதரருக்கும் பிடிக்காத சகோதரருக்கும் இடையே அப்படியொரு பெரிய வேறுபாடு காணப்படவில்லை. குடும்பச் சூழலும் பிற காரணங்களும் சேர்ந்தே அந்தச் சரிவை உண்டாக்கியிருக்கலாம் என்பது அதன் உட்பொருள். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ பத்தாம் வகுப்பில் இருக்கும் பையனுக்கு அந்த ஓராண்டில் படிப்பு போவதே போதுமான சேதம் என்பதால், அறிவுத்திறன் எண்ணைப் பற்றிய வாதத்தின் முடிவுக்காக யாரும் காத்திருக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

மாதக்கணக்கில் இழுப்பவை

நான்கைந்து வாரம் கடந்தும் சிலருக்கு நீடிக்கும் தொல்லைகளில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது, தன்னிடமிருந்தே தான் விலகி நிற்பதான உணர்வு. பேசுவது தன் குரல்தான் என்றாலும் வேறு யாரோ பேசுவது போலிருக்கும். வீடும் தெருவும் திரையில் தெரியும் காட்சி போலத் தட்டையாக இருக்கும். பெரும்பாலும் இது, ஒரு நாள் அளவுக்கு மீறிப் பிடித்தோ கஞ்சா சாக்லேட் தின்றோ ஏற்பட்ட கடும் பீதியிலிருந்து தொடங்குகிறது. தின்னும் கஞ்சா உடலில் ஏற அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகும் என்பதால், ஒன்றும் ஆகவில்லை என்று இரண்டாவதையும் தின்பவர்கள் அந்தப் பீதியில் சிக்குகிறார்கள். இந்த நிலையில் உள்ளவருக்கு, தனக்குத் தோன்றுவது நிஜமல்ல என்பது தெரியும். அது தெரிந்திருப்பதுதான் அவரது வேதனையே. "எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா?" என்று அஞ்சிக் கேட்பவருக்குப் பெரும்பாலும் பைத்தியம் பிடித்திருப்பதில்லை. தன் நிலையை ஓயாமல் சோதித்துக்கொண்டே இருப்பதால் இது வளர்கிறது. பதற்றத்துக்கான பேச்சு வழிச் சிகிச்சையும் ஒழுங்கான தூக்கமும் இதைக் கரைக்கின்றன. இதற்கென்று தனி மாத்திரை இல்லை.

பார்வைத் தொல்லைகள் வேறு வகை. பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் அலைவரிசை கிடைக்காதபோது தெரிந்த புள்ளித் திரளைப் போல இடைவிடாமல் ஏதோ மினுங்குவதாகவும், நகர்ந்த பொருளின் நிழல் பின்னால் தங்குவதாகவும் சொல்பவர்கள் உண்டு. இது பெரும்பாலும் எல்.எஸ்.டி. போன்ற மாயத் தோற்றப் பொருட்களோடு சேர்த்துப் பேசப்பட்டாலும், கஞ்சாவுக்குப் பிறகும் பதிவாகியிருக்கிறது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும், எந்தப் போதையையும் தொடாதவர்களுக்கும் வருகிறது. கண்ணைச் சோதித்தால் குறை ஒன்றும் தெரியாது, ஏனெனில் சிக்கல் மூளை காட்சியை வடிகட்டும் விதத்தில் இருக்கிறது. மீண்டும் கஞ்சா பிடித்தால் இது கூடும் என்பது மட்டும் பலரின் அனுபவம்.

இவற்றிலிருந்து சைக்கோசிஸைப் பிரித்தே பார்க்க வேண்டும். யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் விழுகிறது, பக்கத்து வீட்டார் மருந்து வைத்துவிட்டார்கள், செல்போன் வழியே கண்காணிக்கிறார்கள் என்று ஒருவர் ஐயமே இல்லாமல் நம்பத் தொடங்கினால், அது வேறு களம். போதையிலேயே வந்து சில நாட்களில் அடங்கும் வகையும் உண்டு. அடங்காமல் தொடரும் வகையும் உண்டு. சுவீடனில் ராணுவப் பயிற்சிக்கு வந்த 45,570 பேரைத் தொடர்ந்து 1987-ல் வெளியான ஆய்வு, ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா பிடித்திருந்தவர்களுக்குப் பின்னாளில் மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு, பிடிக்காதவர்களைப் போல ஆறு மடங்கு இருந்ததாகக் காட்டியது. டென்மார்க்கின் நோயாளிப் பதிவேடுகளை வைத்து 2018-ல் வெளியான ஆய்வில், கஞ்சாவால் தூண்டப்பட்ட சைக்கோசிஸ் என்று முதலில் எழுதப்பட்டவர்களில் சுமார் 47 விழுக்காட்டினருக்குப் பின்னர் மனச்சிதைவு அல்லது இருதுருவ மனநோய் உறுதியாயிற்று. பிடிக்கும் பெரும்பாலோருக்கு இது வருவதில்லை என்பதும் உண்மை. ஆனால் ஒரு முறை வந்து அடங்கியவரைக் குணமாகிவிட்டது என்று அனுப்பிவிடாமல், ஆண்டுக்கணக்கில் கண் வைத்திருக்க வேண்டும் என்பதே அந்த 47 விழுக்காடு சொல்வது. நம் பக்கத்தில் இத்தகையவரை முதலில் முனியப்பன் கோயிலுக்கோ மந்திரிப்பவரிடமோ அழைத்துப் போகிறார்கள். கோயிலுக்குப் போவதில் தீங்கொன்றுமில்லை. அங்கே கழியும் மாதங்களில்தான் தீங்கு. சிகிச்சை தொடங்கத் தாமதமாகும் அளவுக்குச் சைக்கோசிஸ் தீர்வதும் கடினமாகிறது.

சீட்டில் கஞ்சா என்று எழுதியபின் கேட்காத கேள்விகள்

ஒரு நோயாளியின் சீட்டில் கஞ்சா என்ற சொல் ஏறியவுடன் மற்றக் கேள்விகள் நின்றுவிடுகின்றன என்பது இத்துறையில் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல். இது புதிதும் அல்ல. 1893-94-ல் பிரிட்டிஷ் இந்திய அரசு அமைத்த சணல் (கஞ்சா) போதைப் பொருள் ஆணையம், மனநலக் காப்பகங்களின் பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தபோது, நோயின் காரணம் கஞ்சா என்று எழுதப்பட்டிருந்தவற்றில் பலவும் எந்த விசாரணையும் இல்லாமல், நோயாளியைக் கொண்டுவந்த போலீசார் சொன்னதை அப்படியே ஏற்று எழுதப்பட்டவை என்று கண்டது.

இன்று கேட்க வேண்டிய கேள்விகளில் முதலாவது, வந்தவுடன் என்ன ஊசி போடப்பட்டது என்பது. கொந்தளிப்பை அடக்கப் போடப்படும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளால், குறிப்பாக இளைஞர்களுக்கு, ஓரிரு நாளில் கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளலாம், கண் மேலே சொருகலாம், நாக்கு தடிக்கலாம், ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு வரலாம். பார்ப்பவர்கள் கஞ்சா நரம்பைத் தின்றுவிட்டது என்று அழுகிறார்கள். மாற்று மருந்து ஒன்று போட்டால் கழுத்துத் திருகல் பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் விட்டுவிடும்.

இரண்டாவது, விழுந்தாரா என்பது. போதையில் பைக் ஓட்டித் தலையில் அடிபட்டவருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும் தலைவலி, கிறுகிறுப்பு, மறதி, எரிச்சல் ஆகியவற்றுக்கும் கஞ்சா விலகலின் அறிகுறிகளுக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு இல்லை. தொப்பூர் கணவாயும் நெடுஞ்சாலையும் உள்ள ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவது கவனக்குறைவு. தலைவலி நாளுக்கு நாள் கூடினாலோ, வாந்தி சேர்ந்தாலோ, தூக்கக் கலக்கம் மிகுந்தாலோ அன்றே ஸ்கேன் தேவை.

வலிப்பு வந்தால் கஞ்சாவோடு கணக்கை முடித்துவிடக் கூடாது. இயற்கைக் கஞ்சா பொதுவாக வலிப்பை உண்டாக்குவதில்லை. செயற்கையாகத் தயாரிக்கப்பட்டுக் கஞ்சா என்ற பெயரில் விற்கப்படும் ரசாயனங்களும், போதைக்காக விழுங்கப்படும் டிரமடால் போன்ற வலி மாத்திரைகளும் உண்டாக்குகின்றன. இவை எதுவும் இல்லாவிட்டால், இந்தியாவில் வலிப்புக்கு முக்கியக் காரணங்களான மூளை நாடாப்புழுக் கட்டியையும் காசநோய்க் கட்டியையும் தேட வேண்டும். கலப்படமும் இருக்கலாம்: ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 2007-ல் எடையைக் கூட்ட ஈயத்தூள் கலந்து விற்கப்பட்ட கஞ்சாவால் பலர் வயிற்று வலி, சோகை, நரம்புப் பாதிப்பு ஆகியவற்றோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். அது கஞ்சாவின் விஷமன்று, ஈயத்தின் விஷம்.

கை கால் மரத்துப் போவதும் கால் வலுவிழப்பதும் கஞ்சாவின் வழக்கமான பின்விளைவுகள் அல்ல. இளைஞராக இருந்தால் வைட்டமின் பி12 குறைபாட்டையும் மதுவையும், தக்காளிக்கும் பூச்செடிக்கும் மருந்தடிப்பவராக இருந்தால் பூச்சிமருந்தையும் முதலில் நினைக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் கஞ்சா பிடித்த ஐம்பது வயதுக்காரர் முதுகு விறைத்துக் கால் தளர்ந்து வந்தால், நம் மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரையும் சேர்த்தே கேட்க வேண்டும். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர வரம்பு. அதைத் தாண்டிய நீரைப் பல பத்தாண்டுகள் குடித்தவர்களின் முதுகெலும்பு தடித்துத் தண்டுவடத்தை நெரிக்கக்கூடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்தப் பாதிப்பைக் குறைக்கத்தான்.

ஒன்று மட்டும் காத்திருக்க முடியாதது. கஞ்சா பிடித்த இளைஞர்களுக்கு மூளை ரத்தக் குழாய்கள் இறுகிப் பக்கவாதம் வந்தது அரிதாகப் பதிவாகியுள்ளது. இடி விழுந்தாற்போன்ற திடீர்த் தலைவலி, ஒரு பக்கம் வலுவிழப்பு, வாய் கோணல், பேச்சுக் குழறல் இவற்றில் எது வந்தாலும் போதை தெளியட்டும் என்று படுக்க வைக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். ரத்தக் கட்டைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரமே அவகாசம்.

எங்கே போவது, என்ன பயம்

தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவை அணுகலாம். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதியினருக்குப் பெங்களூரின் ஓசூர் சாலையிலேயே உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை பக்கம். அங்கே போதை அடிமை நோய்க்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது. நேரில் போகத் தயங்குபவர்கள் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-லும், போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446-லும் பேசலாம்.

தயக்கத்தின் பெரும்பகுதி போலீஸ் பயம். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பொருளோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்து, நோயாளியின் தகவல்களை ரகசியமாகக் காக்கும் உரிமையை அளிக்கிறது. கஞ்சாவைக் குற்றமாக்கிய 1985-ன் போதைப் பொருள் சட்டத்திலேயே 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது: பயன்படுத்தியதற்காகவோ, கஞ்சாவைப் பொறுத்தவரை ஒரு கிலோ வரையிலான சிறிய அளவுக்காகவோ குற்றம் சாட்டப்பட்ட போதை அடிமை ஒருவர், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து அவருக்குப் பாதுகாப்பு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம் என்றும் அதே பிரிவு சொல்வதால், சேர்ந்த நாள் முதல் கடைசி வருகை வரையிலான சீட்டுகளைக் குடும்பத்தார் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.